தீவன மூட்டையில் இருப்பது கோழிக்குச் சேர்கிறதா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஜனவரியில், காவடிக்கு விரதம் இருந்த நாட்களில், நம் மொரிஷியஸின் தேர் ரூஜ் பக்கத்திலிருந்து ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் அறுபது முட்டைக்கோழி வைத்திருக்கிறார்கள். விரதத்தில் வீட்டுக்காரர்கள் முட்டை தொடுவதில்லை, அதனால் விற்பதற்கு நிறைய இருக்க வேண்டும். ஆனால் முட்டைகள் கூடையிலேயே உடைகின்றன. காலையில் கூட்டுக்குள் கையை விட்டால் தோல்முட்டை வருகிறது என்றார்கள். ஓடே இல்லாமல், ஈரமான பலூன் மாதிரி. "சுண்ணாம்புத் தூள் கைப்பிடி கைப்பிடியாய்ப் போடுகிறேன், தம்பி. போடப் போட ஓடு இன்னும் மெலிகிறது. இது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள்.

நான் இருபத்தெட்டு வருடம் தீவனம் கலக்கும் வேலை பார்த்தவன். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் வரிசையாகப் பொட்டலங்கள். கடையில் வாங்கிய முட்டைக்கோழித் தீவனம் ஒரு மூட்டை. அதன் மேல் மாவு போன்ற சுண்ணாம்புக்கல் தூள். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னதால் களிமண் வகைத் தூள் ஒன்று. குடிதண்ணீரில் ஒரு தாதுஉப்பு டானிக். கோழிகள் சோர்ந்து போனதால் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஒரு பொட்டலம். எல்லாமே நல்ல எண்ணத்தில் வாங்கியவை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. ஐந்தும் கோழியின் வயிற்றுக்குள் சந்திக்கும்போதுதான் தொல்லை.

முதலில் முட்டை ஓட்டின் கணக்கைப் பார்ப்போம். அறுபது கிராம் முட்டையில் ஓடு ஆறு கிராம் இருக்கும். அதில் கால்சியம் மட்டும் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு கால்சியம் ஏற்கனவே கலந்திருக்கிறது. ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்றால் நான்கு கிராமுக்கு மேல் கால்சியம் உள்ளே போகிறது. போதும். அக்காவின் கோழிக்குக் கால்சியம் குறையவே இல்லை.

அப்படியென்றால் குறைந்தது எது?

இதைச் சொல்ல கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். நம் தீவுக் கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கப்பலில் வருகின்றன. விதை எதுவானாலும், முளைக்கப் போகும் குட்டிச் செடிக்காகத் தாய்ச்செடி பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும். நம் தோட்டக்காரர்கள் மணிச்சத்து என்பார்களே, அதுதான். பைட்டேட் என்ற வடிவத்தில் அதைப் பூட்டி வைக்கிறது. தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் நொதிக்குப் பைட்டேஸ் என்று பெயர். முளைக்கும் விதை அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கோழியின் குடலில் அது மிகக் குறைவு. ஆகவே தின்ற பாஸ்பரஸில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே போய்விடுகிறது.

நம் பாட்டிமார் பயறை இரவு முழுக்க ஊறவைத்து முளைகட்டியதும், தோசை மாவைப் புளிக்க வைத்ததும் இதே பூட்டைத்தான் திறந்தன. பெயர் தெரியாமலே வேலையைச் சரியாகச் செய்தார்கள்.

பைட்டேட் பாஸ்பரஸை மட்டும் பிடித்து வைத்தால் பரவாயில்லை. ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் கைகள், அத்தனையும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. பக்கத்தில் துத்தநாகம் வந்தால் பற்றிக்கொள்ளும், தாமிரத்தையும் பற்றும். மாங்கனீசு, இரும்பு, கால்சியம் எதையும் விடாது. கரையாத கட்டியாகிவிட்டால் குடல் சுவரால் எதுவும் செய்ய முடியாது. சோயாப் புரதம் தின்ற குஞ்சுகள் துத்தநாகம் போதாமல் நோஞ்சானாகப் போவதை அமெரிக்காவின் மிசௌரியில் ஓ'டெல், சாவேஜ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். அதற்குக் காரணம் பைட்டேட் என்று 1960ல் எழுதினார்கள். தீவனத்தில் துத்தநாகம் இருந்தது. குஞ்சுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

சரி, பூட்டுக்குச் சாவியை வெளியிலிருந்து கொடுத்தால்? பைட்டேஸை அரிசித் தவிட்டில் ஜப்பானியர்கள் கண்டது 1907ல். பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸைக் கோழிக்குக் கொடுத்துப் பலன் காட்டியவர் அமெரிக்காவில் நெல்சன் என்பவர், 1968லிருந்து 1971 வரை. ஆனால் விலைக்குக் கட்டவில்லை. கடைக்கு வந்தது 1991ல்தான். நெதர்லாந்தில் பன்றி, கோழிச் சாணத்தின் பாஸ்பேட் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்க, அந்த அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த நெருக்கடிதான் இந்தச் சாவியைச் சந்தைக்குத் தள்ளியது. 2008ல் பாஸ்பேட் விலை கண்டபடி ஏறியபோது மற்ற நாட்டு ஆலைகளும் ஓடிவந்து வாங்கின.

இன்று கடையில் வாங்கும் கறிக்கோழித் தீவனத்தில் பெரும்பாலும் பைட்டேஸ் இருக்கும். மூட்டையின் சீட்டில் கிலோவுக்கு 500 அலகு, 1,000 அலகு என்று எழுதியிருப்பார்கள். 500 அலகு போட்டாலே, பாஸ்பரஸுக்காகத் தனியாகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டைக் கணிசமாகக் குறைக்கலாம். துத்தநாகமும் மாங்கனீசும் கூடுதலாகச் சேரும். நான் மனதார நம்பும் சேர்மானம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நம்மைப் போன்ற தீவுக்கு இது இன்னும் முக்கியம். கோழி எச்சம் கரும்புத் தோட்டத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் போகிறது, புயல் மழை அதை ஆற்றுக்கு இழுக்கிறது, ஆறு கடற்கழியில் கலக்கிறது. பாஸ்பரஸ் தேங்கிய கடல்நீரில் பாசி கொழிக்கும். பவளத்துக்கு அது ஆகாது.

ஆனால் இந்தச் சாவிக்கும் எதிரி உண்டு. அந்த எதிரி நம் சுண்ணாம்புதான். இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் ஓர் ஆலையில் கலவைப் பொறுப்பில் இருந்த காலம். பைட்டேஸ் புதிதாக வந்திருந்தது. சேர்த்தோம். பைட்டேஸ் பூட்டைத் திறக்கும்போது பாஸ்பரஸோடு கால்சியமும் வெளிவரும், அதற்கேற்ப சுண்ணாம்புக் கல்லையும் குறைக்க வேண்டும். நான் குறைக்கவில்லை. அதோடு ப்ரீமிக்ஸ் என்ற வைட்டமின், தாதுக் கலவையில் நிரப்புப் பொருளாக இருந்ததும் சுண்ணாம்புத் தூள், உப்பு கட்டிதட்டாமல் இருக்கச் சேர்த்ததும் அதே தூள். அவற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு பண்ணையிலிருந்து ஆள் வந்தார். குஞ்சுகள் நடக்க மறுக்கின்றன, கால் முட்டியில் உட்கார்ந்தே தின்கின்றன என்றார்.

போய் ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தோம். கால் எலும்பை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தேன். நல்ல எலும்பு பென்சில் மாதிரி 'டக்'கென்று முறிய வேண்டும். இது வளைந்தது. ரப்பர் குழாய் மாதிரி வளைந்து, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தது. அந்த எலும்பின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. தீவனத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நூற்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய கால்சியம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. கால்சியம் கூடியதால் குஞ்சுக்குப் பாஸ்பரஸ் போய்ச் சேரவில்லை. எலும்புச் சத்தை அதிகம் கொட்டி எலும்பைக் கெடுத்திருந்தேன். அந்தப் பண்ணைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஏன் அப்படி ஆகிறது? பைட்டேஸ் வேலை செய்வது தீனிப்பையிலும் இரைப்பையிலும், அமிலம் இருக்கும் இடத்தில். மெல்லிய சுண்ணாம்புத் தூள் அந்த அமிலத்தை அடக்கிவிடுகிறது. மேலும் கால்சியம் தானே பைட்டேட்டோடு ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. கட்டியான பூட்டுக்குள் சாவி நுழையாது. உள்ளே மாட்டிய துத்தநாகமும் வெளியே வராது. பிறகு மேல்குடலில் மிஞ்சிய கால்சியம் கரைந்த பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்கிறது. கறிக்கோழிக்குக் கால்சியமும் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் நல்லது. ஒன்று அந்த அளவை மீறிக் கூடினால் மற்றது தானாகக் குறையும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1930களில் அமெரிக்கக் குஞ்சுகளுக்குக் கால் தசைநாண் வழுக்கி, குதிகால் வீங்கி, கால் பக்கவாட்டில் திருகும் நோய் வந்தது. எலும்புப் பலவீனம் என்று நினைத்து எலும்புத் தூளைக் கூட்டிக் கொடுத்தவர்களின் பண்ணைகளில் நோய் இன்னும் முற்றியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1936ல் காரணத்தைச் சொன்னார்கள்: மாங்கனீசு குறைவு. எலும்புத் தூளில் இருந்து வந்த கால்சியமும் பாஸ்பேட்டும் குடலில் மாங்கனீசைத் தம்மேல் ஒட்டவைத்து வெளியே கொண்டுபோயின. மாங்கனீசைக் குடல் உறிஞ்சுவதே தின்றதில் நூற்றுக்குச் சில பங்குதான். அந்தச் சொச்சத்தையும் இழந்தால் கால் திருகும். தொண்ணூறு வருடப் பாடம். இன்னும் நம் கொல்லைகளில் அதே தவறு நடக்கிறது.

இப்போது அக்காவின் கோழிக்குத் திரும்புவோம். ஓடு செய்யக் கால்சியம் மட்டும் போதாது, கார்பனேட்டும் வேண்டும். ரத்தத்தில் உள்ள கரியமிலவாயுவிலிருந்து அதைச் செய்யும் நொதிக்குத் துத்தநாகம் தேவை. ஓட்டின் அடியில் இருக்கும் சவ்வை ஒழுங்காகக் கட்ட மாங்கனீசு தேவை. அக்கா கைப்பிடி கைப்பிடியாய்ப் போட்ட தூள் இந்த இரண்டையும் பிடித்து வைத்தது. தூள் அதிகமானதால் கோழி தீவனத்தை வெறுத்து, தின்பதையும் குறைத்திருந்தது.

வெயிலையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நம் தீவில் ஜனவரி கோடைக்காலம், அந்த வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும். இளைக்கும்போது கரியமிலவாயு ரத்தத்திலிருந்து அதிகம் வெளியேறிவிடும். அப்புறம் கார்பனேட்டுக்கு எங்கே போவது? அக்காவின் கூரை தகரம். ஓடு மெலிந்ததில் பாதிக் குற்றமாவது அந்தத் தகரத்தின் மேல் இருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்து அந்தக் களிமண் தூள். நம் ஈரக் காற்றில் மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிப்பது உண்மை. அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்ஸின் ஈரலைக் கெடுக்கும் என்பதும் உண்மை. பென்டோனைட் போன்ற களிமண் அந்த நஞ்சைத் தன் அடுக்குகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் அடுக்குகளில் வேறு பொருட்களும் ஒட்டும். அளவு மீறினால் துத்தநாகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. கிலோவுக்குச் சில கிராம் என்று சீட்டில் இருந்தால் அதோடு நிறுத்துங்கள். பூசணம் பிடித்த மூட்டையைக் களிமண்ணால் காப்பாற்ற நினைக்காதீர்கள், தூக்கி எறியுங்கள்.

டெட்ராசைக்ளின் விஷயம் எனக்குக் கோபம் வர வைப்பது. அந்த மருந்து கால்சியத்தைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் நிறைய இருப்பதால் மருந்தில் பெரும்பகுதி குடலிலேயே கிடக்கிறது. நோயும் தீராது, கிருமி மட்டும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். உடம்பில் ஏறிய கொஞ்சமும் முட்டைக்குள் போய் நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். மருத்துவர் சொல்லாமல் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது.

டானிக்கில் இருந்தது தாமிரமும் துத்தநாகமும். இவை இரண்டும் குடலில் ஒன்றுக்கொன்று வழிவிடாதவை. துத்தநாகம் மிகுந்தால் குடல் சுவரின் செல்கள் ஒருவகைப் புரதத்தை அதிகம் செய்யும். அந்தப் புரதம் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல் உதிரும்போது தாமிரமும் எச்சத்தோடு போய்விடும். கறிக்கோழிக்குக் கிலோ தீவனத்தில் 8 மில்லிகிராம் தாமிரமும் 40 மில்லிகிராம் துத்தநாகமும் தேவை என்று அமெரிக்க ஆராய்ச்சிக் குழு 1994ல் எழுதியது. ஆலைகள் பத்திரத்துக்காக அதைவிடக் கூட்டியே போடுகின்றன. அதற்கு மேல் தண்ணீரில் நாம் ஊற்றும் டானிக் யாருக்கு?

அமினோ அமிலத்தோடு பிணைத்த தாதுக்கள் என்று இப்போது நிறைய விற்கிறார்கள். துத்தநாகம் மெத்தியோனைன், மாங்கனீசு கிளைசின் என்று பெயர் இருக்கும். வெறும் சல்பேட் உப்பு தண்ணீரில் கரைந்ததும் உலோகம் தனியாகப் பிரிந்துவிடும், பைட்டேட் வந்து கவ்வும். பிணைத்தது அவ்வளவு சீக்கிரம் பிரியாமல் குடல்வரை போக வாய்ப்பு உண்டு. பைட்டேட் நிறைந்த தீவனத்தில் இது பலன் தருகிறது. ஆனால் விலை அதிகம். முதலில் பைட்டேஸ், அடுத்து சுண்ணாம்பின் அளவு, இவை சரியான பிறகு காசு மிஞ்சினால் வாங்குங்கள். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டிவிட்டு இதை வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் மோனென்சின் போன்ற மருந்து இருக்கும். அது சோடியம் போன்ற உப்புகளைச் செல்லுக்குள் தூக்கிச் செல்லும் வகை மருந்து. இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஷாம்ப் து மார்ஸ் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, குதிரை வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். மோனென்சின் குதிரைக்கு விஷம். கொஞ்சம் தின்றாலே இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழித் தீவனம் சிந்திய இடத்தில் குதிரையைக் கட்டாதீர்கள்.

சொந்தமாகத் தீவனம் கலப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைட்டேஸ் ஒரு புரதம், சூட்டில் கெடும். குருணைத் தீவனம் செய்யும் யந்திரத்தில் எண்பது டிகிரிக்கு மேல் போனால், சூடு தாங்கும் வகையாக இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. கோலின் குளோரைடு என்ற சத்துச் சேர்மானம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ப்ரீமிக்ஸோடு அதைக் கலந்து மாதக்கணக்கில் வைத்தால் தாமிர சல்பேட்டும் ஈரமும் சேர்ந்து வைட்டமின்களைத் தின்றுவிடும். வைட்டமின் டி3 கெட்டால் குடல் கால்சியத்தை எடுக்கவே மறந்துவிடும். புயல் காலத்தில் கப்பல் தாமதமாகும் என்று பயந்து மொத்தமாக வாங்கி அடுக்குகிறோம். தானியத்தை வேண்டுமானால் அடுக்குங்கள், ப்ரீமிக்ஸைப் புதிதாக வாங்குங்கள், கோலினைத் தனியாக வையுங்கள். முட்டைக்கோழித் தீவனம் மலிவாகக் கிடைத்தது என்று வளரும் பெட்டைக்குஞ்சுகளுக்குப் போடவும் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தில் கல்லாகப் படியும்.

அக்காவிடம் என்ன செய்யச் சொன்னேன்? முதலில் திண்ணைப் பொட்டலங்களை எல்லாம் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். தீவனத்தை மூட்டையில் வந்தபடியே போடுங்கள், தகரக் கூரைமேல் கரும்புச் சோகை பரப்புங்கள், மதியம் குளிர்ந்த தண்ணீர் மாற்றுங்கள் என்றேன். அப்புறம் ஒரே ஒரு சுண்ணாம்பு: மாவாக இல்லாமல், இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் பருமனான கல் துண்டு.

நம் தீவு எரிமலைக் கருங்கல். முன்பெல்லாம் பவளத்தைச் சூளையில் சுட்டுத்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். 2001ல் கடற்கழியில் மணல் அள்ளுவதும் நிறுத்தப்பட்டது. அதனால் கடற்கரையில் போய்ப் பொறுக்காதீர்கள், கடையில் கேட்டு வாங்குங்கள். தூளா துண்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு கிளாஸ் வினிகரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். தூள் உடனே நுரைத்துப் பொங்கி அடங்கிவிடும். துண்டு அடியில் உட்கார்ந்து நெடுநேரம் சின்னச் சின்னக் குமிழியாக விடும். கோழியின் வயிற்றிலும் அப்படித்தான். முட்டைக்கு ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது, அப்போது கோழி தின்பதில்லை. அரைவைப்பையில் தங்கிய கல் துண்டு அந்த இருட்டில் மெல்ல மெல்லக் கரைந்து கொடுக்கும். தூள் சாயங்காலத்துக்குள் போய்விடும். எல்லாவற்றையும்விட, துண்டு மற்றத் தாதுக்களோடு அவ்வளவு மோதுவதில்லை.

தீவனத்தில் கலக்காமல் தனித் தட்டில், மாலை நான்கு மணிக்கு வைக்கச் சொன்னேன். கோழிக்குச் சுண்ணாம்புப் பசி எடுக்கும் நேரம் அது. தேவைப்பட்ட கோழி மட்டும் வந்து தின்னும்.

மூன்று வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார்கள். கூடையில் உடைவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார்கள். வெயில் தணிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இதைக் கேளுங்கள்" என்று தொலைபேசியைக் கூட்டுப் பக்கம் நீட்டினார்கள். மணி நான்கரை இருக்கும். தகரத் தட்டில் கல்லைக் கொத்தும் சத்தம், டக் டக் டக் என்று, மழை பிடிக்கும் முன் கூரையில் விழும் முதல் துளிகள் போல, விட்டுவிட்டுக் கேட்டது.

நன்றி, வணக்கம்.